மகாபலம் கம்பெனியின் பங்காளி

மஞ்சக்குட்டைப் பொன்னுவேலுக்கு வேண்டியிருந்தது கூரையில் ஸ்க்ரூ முடுக்க ஒரு பேட்டரி டிரில் மிஷின். அது ஒன்றுதான். அதை வாங்கப் போன இடத்தில் அவரை ஒரு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். பொண்ணு கொடுத்து எடுத்து வந்த குடும்பம் இல்லை இது. சேலத்தில் ஏசி ஹாலில் உட்கார வைத்து, கத்தரிப்பூ நிறத் தொப்பி மாட்டி, மணியடித்துச் சேர்க்கிற குடும்பம். அதில் சேர்ந்து அவர் பட்ட பாட்டையும், பிறகு அந்தக் குடும்பத்தை அவர் படுத்திய பாட்டையும் மஞ்சக்குட்டை பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் யாராவது சொல்வார்கள். கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். இங்கே கூட்டாமல் சொல்லியிருக்கிறது.

பொன்னுவேலுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, சரிவில் ராகி. ஒரே மகள் கவிப்பிரியாவைக் கிளியூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு முதல் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் நேரே அம்மா வீட்டுக்குத்தான் வர வேண்டும். பொன்னுவேலின் வீடோ ஒரு அறையும், புகை மண்டுகிற ஒரு சமையல்கட்டும். அதனால் பக்கத்திலேயே புது அறை ஒன்றுக்குச் சுவர் எழுப்பி, சில்வர் ஓக் மரத்தில் சட்டம் அடித்து, ஷீட்டும் வாங்கி வைத்தாயிற்று. ஷீட்டைப் பொருத்தி, போல்ட்டுத் தலை வைத்த ஸ்க்ரூக்களை முடுக்குவதுதான் பாக்கி. கையாலேயே முடுக்கலாம்தான். ஆனால் எஸ்டேட்டில் மரக்கிளை விழுந்து உடைந்து கூடிய வலது மணிக்கட்டு, நாலு ஸ்க்ரூவுக்கு மேல் திருப்பினால் பன் மாதிரி வீங்கிவிடும். வேலைக்கு ஆள் தேடினால், மலையில் இருக்கிற ஆளெல்லாம் டூரிஸ்டுக்குக் காட்டேஜ் கட்டப் போய்விட்டார்கள். வயர் மிஷினை இரவல் வாங்கிப் பார்த்தார். மஞ்சக்குட்டைக்கு வந்து சேர்கிற கரண்டைக் குடித்துவிட்டு அது முனகியது, பிறகு புகைந்தது.

"பேட்டரி மிஷின் ஒண்ணு வாங்கிப்போடலாமுங்க. மழைக்கு முன்னால முடிச்சாவோணும்" என்றாள் மனைவி ஆராயி.

எந்தக் கம்பெனி என்று வெளியே கேட்டதுதான் தாமதம், மலையே கட்சி கட்டிக்கொண்டு நின்றது. யாரும் மிஷினைப் பற்றிப் பேசவில்லை. கம்பெனிக்கு ஒரு நிறமாம், அந்த நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். பஸ்ஸில் ஒருவர் மஞ்சளைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்றார். பின்சீட்டுக்காரர் எழுந்து வந்து நீலம் என்றார். இரண்டு பேரும் வாழவந்தி வரை சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். இறங்கும்போது விசாரித்தால் இருவரிடமும் மிஷின் கிடையாது, போனில் வீடியோ பார்த்ததோடு சரி.

விஷயம் தெரிந்தவன் ஜோஸ்வா ஒருவன்தான். ஏற்காட்டில் ஏரிப் பக்கமிருக்கும் பெரிய லாட்ஜில் குழாய், கதவு, கரண்டு எல்லாம் அவன் பொறுப்பு.

"அண்ணா, மிஷினப் பாத்து வாங்காதீங்க, பேட்டரியப் பாத்து வாங்குங்க. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினுக்குச் சேராது. நாளைக்கு மரம் அறுக்கறது, புல்லு வெட்டறதுன்னு எது வாங்கினாலும் அவன்கிட்டயேதான் போய் நிக்கோணும். அக்கம்பக்கத்துல என்ன இருக்குதோ அதையே வாங்கினீங்கன்னா, அவசரத்துக்கு ஒருத்தருக்கொருத்தர் பேட்டரி மாத்திக்கலாம்."

"அப்ப ஒரே கம்பெனிக்காரங்க எல்லாம் பங்காளிங்கன்னு சொல்லு."

"அப்படித்தானுங்கண்ணா."

அக்கம்பக்கத்தில் யாரிடமும் எதுவும் இல்லை. ஆகவே பொன்னுவேல் நாமெல்லாம் செய்வதைத்தான் செய்தார். மலையடிவாரத்தில் எல்லாவற்றிலும் பெரிய போர்டு எது என்று பார்த்தார். 'மலையையும் துளைக்கும் மகாபலம்' என்று எழுதி, மேகத்துக்கு மேலே பாறை உச்சியில் ஒரு பெரியவர் வெள்ளை வேட்டியில் டிரில் மிஷினோடு நின்றார். மலையைத் துளைக்கிறவன் சில்வர் ஓக்கைத் துளைக்க மாட்டானா என்று நினைத்தார். பாவம், நியாயமான நினைப்புதான்.

சேலத்தில் மகாபலத்துக்குக் கடை கிடையாது. 'அனுபவ மையம்' என்று வைத்திருந்தார்கள். கல்லாவுக்குப் பெயர் 'இணைப்பு மேடை'. உள்ளே போனவருக்குத் தண்ணீர் கொடுத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, ஏரியா மேனேஜர் பிரபாகரின் முன்னால் உட்கார வைத்தார்கள். பிரபாகருக்குப் பொன்னுவேலின் மருமகனைவிட வயது குறைவு.

"சார், நாங்க மிஷின் விக்கிறதில்ல" என்று ஆரம்பித்தான் பிரபாகர்.

பொன்னுவேல் எழுந்துவிட்டார். "வெளிய போர்டைப் பாத்து வந்துட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க."

"உக்காருங்க சார். நாங்க உறவை விக்கிறோம். உங்களுக்குப் பொருத்தமான பிராண்டு எதுன்னு பாக்கணும் இல்லையா? இன்னும் பத்து வருஷத்துல நீங்க என்னவா ஆகணும்னு நினைக்கிறீங்க?"

"கூரை போடோணுமுங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கடியில உக்காருவனுங்க."

பிரபாகர் கண்ணை மூடி யோசித்தான். பிறகு, தன் அனுபவத்தில் மகாபலத்துக்கு இவ்வளவு பொருத்தமான ஆளைப் பார்த்ததில்லை என்று அறிவித்தான். பின்னால் வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அவன் இதையே அறிவித்தது பொன்னுவேலின் காதிலும் விழுந்தது. மகாபலத்துக்குப் பொருந்தாத பிறவி சேலம் ஜில்லாவில் இல்லை போலிருக்கிறது.

மிஷினைக் கையில் கொடுத்தார்கள். அழுத்திப் பார்த்தால் ஓடவில்லை. பேட்டரி தனியாம், சார்ஜர் அதற்கும் தனியாம்.

"உடம்பு வேற, உயிர் வேற சார். நம்ம பெரியவங்க சொன்னதுதானே? உடம்பை ஆஃபர்ல குடுத்துடுவோம். உயிரை நாங்க தனியாத்தான் தருவோம். வருஷா வருஷம் வந்து நீங்க உயிரை வாங்கிக்கிட்டே இருக்கிற மாதிரி டிசைன் பண்ணியிருக்கோம்" என்றான் பிரபாகர் பெருமையாக.

மிளகு விற்ற காசு முழுவதும் அந்த மேடையில் இணைந்தது. பிறகு சேர்ப்பு விழா நடந்தது. தொப்பி மாட்டினார்கள். மையத்தில் வேலை செய்கிற அத்தனை பேரும் வேலையை விட்டு வந்து வட்டமாக நின்றார்கள். நெஞ்சில் கை வைக்கச் சொல்லி, பிரபாகர் வரி வரியாகச் சொல்ல, பொன்னுவேல் திருப்பிச் சொன்னார்: "நான் மகாபலம் குடும்பத்தான். என் குடும்பத்தார் வேலை என் வேலை. என் குடும்பத்தார் கஷ்டம் என் கஷ்டம். வேற்று நிறத்துப் பேட்டரியை ஏறெடுத்தும் பாரேன்." மணியடித்தது. பிரபாகர் கட்டிப்பிடித்துக்கொண்டான். "இனி நான்தான் உங்களுக்கு மூத்த அண்ணன் மாதிரி சார்."

பொன்னுவேலுக்குக் கொஞ்சம் கண் கலங்கியது உண்மை. வெள்ளந்தி மனுஷன். கட்டிப்பிடித்ததை நிஜமென்று நினைத்துவிட்டார்.

மிஷின் பாதிக் கூரை வரை நன்றாகவே ஓடியது. ஆயுதபூஜை வந்தது. ஆராயி கொடுவாள், மண்வெட்டி, காப்பிப்பழம் தோலுரிக்கும் மிஷின் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தாள். நடுவில் மரியாதையாக டிரில் மிஷினை வைத்து, உடம்புக்கும் உயிருக்கும் தனித்தனியாகச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். மறுநாள் பொன்னுவேல் கூரையேறி அழுத்தினால் மிஷின் 'ம்' என்றது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

சர்வீஸ் பிரிவு மையத்தின் பின்கட்டில் இருந்தது. நவீன் என்ற எஞ்சினியர் கையுறை மாட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பேட்டரியைப் பார்த்தான். பார்த்தவன் முகம் இருண்டது. பிரபாகரைக் கூப்பிட்டான். அவனும் கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தான்.

"சார், இது என்ன?"

"குங்குமமுங்க."

"அன்னியப் பொருள் ஊடுருவல்" என்றான் நவீன் மெதுவாக. மரண அறிவிப்பு வாசிக்கிற குரல் அது. "வாரண்டி போச்சு சார்."

பொன்னுவேல் சுற்றிலும் பார்த்தார். வாசலில் வாழைக்கன்று இன்னும் வாடாமல் நின்றது. படியில் உடைத்த பூசணிக்காய். நவீனின் கம்ப்யூட்டரில் மூன்று பொட்டு, ஏசியில் ஒரு பொட்டு, ஷோகேஸில் இருந்த மிஷின்களுக்கு வரிசையாகப் பொட்டு, பூதக்கண்ணாடியின் பிடியிலும் ஒரு பொட்டு.

"ஏனுங்க, இதெல்லாம்?"

"அது அங்கீகரிக்கப்பட்ட குங்குமம் சார், ஹெட் ஆபீஸ்ல இருந்து வருது" என்றான் பிரபாகர். "நீங்க வெளிக்குங்குமம் வச்சிருக்கீங்க. குடும்பத்துல இருந்துக்கிட்டு இப்படிச் செய்யலாமா?"

அதற்காகப் பொன்னுவேலை ஒரு இருட்டறையில் உட்கார வைத்து 'பேட்டரிக்கும் மனசு உண்டு' என்ற படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வெளியே வந்தபோது பேட்டரியைத் துடைத்து வைத்திருந்தார்கள். அழுத்தினால் மிஷின் சீறிக்கொண்டு ஓடியது. துடைத்ததற்குக் கட்டணம் கட்டிவிட்டு மலையேறினார். கூரையில் வைத்து அழுத்தினால் மறுபடியும் 'ம்'.

இரண்டாவது தடவை போனபோது நவீன் அழுத்திப் பார்த்தான். ஓடியது. பிரபாகர் அழுத்திப் பார்த்தான். ஓடியது. பொன்னுவேலே அழுத்தினார். சனியன் பிடித்த மிஷின், அவருக்கும் ஓடியது.

"பாத்தீங்களா? மிஷின்ல குறையே இல்ல" என்றான் பிரபாகர். "குறை மலையில இருக்கு."

"மலையிலீங்களா?"

"இந்த மிஷினுக்குக் கடல் மட்டத்துல இருந்து ஒரு உயரம் வரைக்கும்தான் சார் கேரண்டி. உங்க ஊரு அதுக்கு மேல இருக்கு. அங்க குளிரு, பனி. பேட்டரி பயந்துடும். நீங்க கூரையைக் கீழ கொண்டு வந்தீங்கன்னா, நம்ம பார்க்கிங்லயே வச்சு முடுக்கிக் குடுத்துடுவோம். ஃப்ரீ சர்வீஸ்."

"போர்டுல மலைமேலதானுங்க ஒருத்தர் நிக்கறாரு?"

"அவர் எங்க சேர்மன் சார். அவர் எங்கேயும் நிப்பாரு."

மழை அதற்குள் பிடித்துக்கொண்டது. பாதிக் கூரைக்கு ஷீட், பாதிக்குத் தார்ப்பாய். சேர்வராயன் மலைக் காற்றுக்குத் தார்ப்பாய் எந்த மூலைக்கு? ராத்திரியெல்லாம் அடித்துக்கொண்டு, விடிந்தால் காப்பிச் செடிமேல் கிடக்கும். கவிப்பிரியாவுக்குச் சேலம் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அழைத்து வரும் நாளில் சம்பந்தியம்மா முன்னதாக ஜீப்பில் வந்து புது அறையைப் பார்த்தாள். அறையின் நடுவில் தண்ணீர் கட்டி நின்றது.

"ஏனுங்க சம்மந்தி, பச்சப் புள்ளையத் தார்ப்பாய்க்கடியில போடறதுக்கா அனுப்பச் சொல்றீங்க? எங்கூடு கான்கிரீட்டுங்க. நாங்களே கூட்டிட்டுப் போறோம்" என்றாள்.

அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் பொன்னுவேலுக்கு இன்னும் வலித்தது. ஆராயி மகளுக்கென்று இடித்து வைத்திருந்த மருந்துச் சரக்கையும், தைத்து வைத்திருந்த துணிகளையும் பையில் போட்டுக் கொடுத்தாள். ஜீப் போனபிறகு, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடத்தான் போனார். அவரைப் பார்த்ததும் பிரபாகர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினான்.

"சார்! உங்களைப் பாக்கப் பெருமையா இருக்கு. மலைக் கஸ்டமர்ல மூணாவது தடவை வந்த முதல் ஆள் நீங்கதான். முதல் தடவை கோவமா வருவாங்க. ரெண்டாவது தடவை அழுதுக்கிட்டு வருவாங்க. அதோட பஸ்ஸையும் வேலைக்கேட்டையும் யோசிச்சு விட்டுருவாங்க. அதை நம்பித்தான் சார் நாங்க ஸ்டாக்கே பிரிக்கிறோம். கீழ ரிட்டர்ன் ஆன பழைய பேட்டரியெல்லாம் துடைச்சு, ஸ்டிக்கர் ஒட்டி மலைக்கு ஒதுக்கிடுவோம். இங்கத்த சூட்டுல கொஞ்சம் ஓடும், அங்கத்த குளிர்ல படுத்துடும். மேல போனது திரும்பி வர்றதே இல்ல. அருமையான சிஸ்டம்."

பொன்னுவேலுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த மிஷினால் அந்த மண்டையில் ஒரு போடு போட்டால் என்ன என்று நிஜமாகவே நினைத்தார். போட்டிருந்தால் அந்த மிஷின் ஒரு நல்ல காரியத்துக்காவது பயன்பட்டிருக்கும்.

"திருப்பி எடுத்துக்கோங்க சாமி" என்றார்.

"குடும்பத்தை விட்டு விலக முடியாது சார். அப்படி ஒரு வசதியே நாங்க வைக்கல. ஆனா உங்க விடாமுயற்சிக்கு ஒரு மரியாதை செய்யணும். அடுத்த வாரம் ஏற்காட்டுல எங்க டீலர் மாநாடு. சேர்மன் குழந்தைவேல் ஐயாவே வர்றாரு. மலைவாழ் மகிழ்ச்சி உறுப்பினர்னு மேடையேத்தி ஒருத்தருக்குச் சால்வை போடணும். மலையில மகிழ்ச்சியா ஒருத்தர் கூடக் கிடைக்கல. நீங்க வந்துருங்க. ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசினாப் போதும். லைவ்ல போகும்."

பொன்னுவேல் நீட்டிய மிஷினைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"வந்துர்றனுங்க. ஊட்டுக்காரியையும் கூட்டிட்டு வரலாமுங்களா?"

திரும்பும் வழியில் ஏற்காட்டில் இறங்கி ஜோஸ்வாவைப் பிடித்தார். மாநாடு நடக்கப் போவது அவனுடைய லாட்ஜில்தான். இருவரும் டீ குடித்தார்கள். "இவிங்க குடும்பம் குடும்பம்னு சொல்லிப்போட்டாங்கல்ல, ஜோஸ்வா. குடும்பம்னா எங்கூர்ல என்னன்னு காட்டோணும். ஜீப்புங்களுக்கு மட்டும் நீ சொல்லி வெச்சுரு" என்றார் பொன்னுவேல்.

மாநாட்டு ஹால் முழுக்கக் கத்தரிப்பூ. குழந்தைவேல் ஐயா வெள்ளை வேட்டியில், போர்டில் இருந்ததைவிடக் குட்டையாக, மேடையில் உட்கார்ந்திருந்தார். எதிரே கேமரா. மலை தூறலில் நனைந்துகொண்டிருந்தது. சேர்மன் பேசினார்.

"நான் கம்பெனி நடத்தவில்லை, குடும்பம் நடத்துகிறேன்! ஒரு தாய் பிள்ளைக்குச் சோறு போடுகிறாள். சோற்றைக் கொடுத்துவிட்டுக் கரண்டியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். ஏன்? பிள்ளை மறுபடியும் தன்னிடமே வர வேண்டும் என்ற பாசம்! மிஷினைக் கொடுத்துவிட்டுப் பேட்டரியை நாம் ஏன் தனியாக வைத்திருக்கிறோம்? அதே பாசம்! லாபம் வருகிறது என்கிறார்கள். பாசம் வைத்தால் வரத்தான் செய்யும், நான் என்ன செய்ய?"

டீலர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சால்வை போர்த்தி, பொன்னுவேலின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் ஆராயியை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு தேங்காயோடு வந்து நின்றாள்.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நானு மஞ்சக்குட்டை பொன்னுவேலு. இந்த மேனேஜரு கண்ணு எங்கையப் புடிச்சுக் குடும்பத்துல சேத்துனாரு. குடும்பத்தார் வேலை என் வேலைன்னு சத்தியம் வாங்கினாரு. எனக்கு மூத்த அண்ணன்னும் சொல்லிப்போட்டாரு. நொம்பச் சந்தோசமுங்க. எங்கூர்ல ஒரு வழக்கமிருக்குது. பங்காளி ஊட்டுல கூரை போட்டா, பங்காளிங்க ஊட்டுக்கொரு ஆளு வந்து கை குடுக்கோணும். மூத்தவரு மேல ஏறி மொதல்ல முடுக்கோணும். வராதவிங்க பங்காளியில்ல. எங்கூட்டுக் கூரை பாதியில நிக்குதுங்க. பொறந்த பேரனை ஊட்டுக்குக் கூட்டியார முடியாம நிக்கறேன். அதனால பங்காளிங்க அத்தனை பேரையும் முறையா அழைக்கறதுக்கு வந்திருக்கறனுங்க. நாளைக்குக் காலையில, ஜீப்பெல்லாம் வாசலுக்கே வந்துரும்."

பிரபாகர் கேமராக்காரனைப் பார்த்து, நிறுத்து என்று கையால் கழுத்தை அறுத்துக் காட்டினான். கேமராக்காரன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தான். பெரிய திரையில் கமெண்டுகள் ஓடின. 'இதுதான் தமிழர் பண்பாடு.' 'சேர்மன் ஐயா போவாரா?' 'வாயில மட்டும்தானா குடும்பம்?' சேர்மன் திரையைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, "குடும்பம் புறப்படுகிறது!" என்றார்.

மறுநாள் காலை மஞ்சக்குட்டைப் பாதையில் ஜீப் ஜீப்பாகக் கத்தரிப்பூச் சட்டைகளும், கூடவே கேமராவும் வந்து இறங்கின. பளபளவென்ற ஷூக்கள் செம்மண் சேற்றில் புதைந்தன. ஊரே வேலைக்குப் போகாமல் வந்து நின்றது. சேர்மனுக்கு நாற்காலி போட்டுக் குடை பிடித்தார்கள். மூத்த அண்ணன் ஏணியில் ஏறினான். பாதி ஏணியிலேயே பிரபாகர் படியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மேலே போய் அழுத்தினான். மிஷின் 'ம்' என்றது. இன்னொரு மிஷின் கொடுத்தார்கள். அதுவும் 'ம்'. டீலர்கள் மாநாட்டில் காட்சிக்கு வைத்திருந்த மிஷின்களை எடுத்து வந்தார்கள். மூடுபனியில் கூரையைச் சுற்றி நாலாபக்கமும் 'ம், ம்' என்று கேட்டது. ஊர் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னப்பா இது?" என்றார் சேர்மன்.

"மிஷின்ல குறையில்லீங்க ஐயா, மலையில..." பிரபாகர் கூரையைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான்.

"மலையில் என்ன? நான் மலை உச்சியில் நின்று எடுத்த படம்தானே போர்டில் இருக்கிறது?"

"அது ஸ்டுடியோவுல எடுத்தது ஐயா. பாறை தெர்மாகோல்."

நவீனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. குளிரில் பல் அடித்துக்கொள்ள, உண்மை தானாகவே வெளியே வந்தது. "எல்லாமே மலை ஸ்டாக் பேட்டரி ஐயா. மாநாடு மலையிலங்கறதால குடோன்ல அதையே ஏத்தி அனுப்பிட்டாங்க. எல்லாம் பழசு."

"மலைக்காரர்களுக்குப் பழசைத் தள்ளிவிடுகிற இந்தக் கேவலமான யோசனையை எந்த நாய் சொன்னது?" சேர்மன் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினார்.

"நீங்கதான் ஐயா" என்றான் பிரபாகர் கூரையிலிருந்து. "போன வருஷ மாநாட்டுல. அதுக்கு நாங்க எழுந்து நின்னு கைதட்டினோம்."

கேமரா எல்லாவற்றையும் லைவில் அனுப்பிக்கொண்டிருந்தது. சேர்மன் அதைக் கவனித்தபோது காலம் கடந்திருந்தது. அந்த மனிதரைச் சும்மா சொல்லக் கூடாது, உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "கையாலேயே முடுக்குங்கள்!" என்று முழங்கினார். "குடும்பத்துக்குப் பேட்டரி எதற்கு!"

ஜோஸ்வா லாட்ஜிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு மூட்டை ஸ்பானரைத் திண்டில் கொட்டினான்.

அன்றைக்கு மகாபலம் கம்பெனியின் மேனேஜர்களும் டீலர்களும் மாற்றி மாற்றி ஏறி, தூறலில் நனைந்துகொண்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கையால் முடுக்கினார்கள். உள்ளங்கை கொப்பளித்தது. பிரபாகரை மட்டும் இறங்கவே விடவில்லை. மூத்தவர் இறங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று பொன்னுவேல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படி ஒரு வழக்கம் மலையில் எங்கேயும் கிடையாது. அவர் மட்டும் கீழே கல்லில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "அண்ணா, அந்த மூலையில இன்னொரு திருப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆராயி ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். சேர்மனுக்குக் களி தொண்டையில் அடைத்துக்கொண்டது. இரண்டாவது உருண்டையையும் வைத்தாள்.

சாயங்காலம் கூரை முடிந்தது. முகத்தைக் காப்பாற்ற ஒரு நல்ல வார்த்தை வேண்டுமே என்று கேமராவைப் பொன்னுவேலின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"மிஷினைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியலீங்க. ஆனா ஆளுங்க தங்கமான ஆளுங்க. கூரை, மாட்டுக்கொட்டாய், வேலி, எது வேலைன்னாலும் ஒரு வெத்தல பாக்கு வெச்சாப் போதும், சேர்மனே வந்துருவாரு. எல்லாரும் இந்தக் கம்பெனியிலயே வாங்குங்க" என்றார்.

அந்த வாரத்திலிருந்து அனுபவ மையத்து வாசலில் தாம்பாளங்கள் வரிசை கட்டின. மலையில் எத்தனை பேர் அந்த மிஷினை வாங்கி ஏமாந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கிளியூரிலிருந்து ஒருவர் கோழிக்கூண்டுக்கு அழைத்தார். நாகலூரிலிருந்து ஒரு கூட்டம் மாட்டுக்கொட்டகைக்கு வந்தது. ஏனென்று கேட்டால் எல்லோரும் நெஞ்சில் கை வைத்து அந்த உறுதிமொழியை ஒப்பித்தார்கள். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் கம்பெனிக்கு இல்லை, அத்தனை பேரும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரியா மேனேஜர் மலைக்குப் போக வேண்டும் என்று ஹெட் ஆபீஸ் உத்தரவு போட்டது. பேட்டரியைப் புதிதாக மாற்றிக் கொடுக்கச் சொல்லித்தான் உத்தரவு வரவில்லை.

கவிப்பிரியா பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். சம்பந்தியம்மா கூரையை நாலு பக்கமும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் போட்டிருக்கறீங்க" என்றாள். ஆராயி பேரனை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்தாள். வெளியே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. பொன்னுவேல் பேரனுடைய விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேறு ஆளாயிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவருக்கு ஈரத் தரையில் உட்கார்ந்து ஆராயி அழுததுதான் ஞாபகத்துக்கு வந்தது. போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார்.

"மேனேஜருங்களா? பொன்னுவேல் பேசறனுங்க. கூரை ஒழுகுதுங்கண்ணா. குடும்பத்துல சொல்லாம நானு வேற யாருகிட்டச் சொல்லட்டும்? ஞாயித்துக்கெழம வந்துருங்க."

"ஐயோ சார், அந்தச் சரிவுல மறுபடியுமா?" அந்தப் பக்கம் பிரபாகரின் குரல் உடைந்தது. "எந்த எடத்துல சார் ஒழுகுது?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்" என்றார் பொன்னுவேல்.

போனைச் சட்டைப் பையில் போட்டார். அறைக்குள் எட்டிப் பார்த்து, பிள்ளை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார். பிறகு தாழ்வாரத்தின் கடைசி மூலையில், இருப்பதிலேயே வழுக்கலான இடமாகப் பார்த்து ஏணியைச் சாத்தி, இடது கையில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.